ஹோம்லி என்று எழுதியது பற்றி

வினோத்,

போன ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் பேசியபோது ஸ்ரவந்தி என்னிடம் ஒன்று கேட்டாளே, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. நெல்லூரில் உங்கள் கல்யாணம் முடிந்து, மறுநாள் நம் ஊரில் வைக்கிற விருந்தில், மைக்கைக் கையில் வாங்கி அந்த 'ஹோம்லி' கதையை நானே சொல்ல வேண்டும் என்றாள். நீ சொல்லிச் சொல்லிக் கதை தேய்ந்துவிட்டதாம். என் வாயால் கேட்டால்தான் அவளுடைய தோழிகளுக்கு நம்பிக்கை வருமாம். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, கடைசியில் மட்டும் நீ கற்றுக்கொடுத்த தமிழில் "ப்ளீஸ், அத்தை" என்றாள். நீ அவளுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். நானும் சிரித்தேன். நெட்வொர்க் சரியில்லை, சத்தம் விட்டு விட்டு வருகிறது என்று சொல்லி முடித்துக்கொண்டேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பேசத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுகிறவள் நான், உனக்குத் தெரியும். நீ முதல்முறை விமானம் ஏறிய அன்றுகூட நான் சொன்னது இரண்டே வாக்கியம். பாஸ்போர்ட்டை உள்பையில் வை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. மற்றதையெல்லாம் திரும்பி வரும் பஸ்ஸில் பொன்னேரிவரை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தமுறை அப்படி விட முடியாது. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு நீங்கள் இருவரும் என்னை எந்த வரிசையில் உட்காரவைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கதையை நீ எத்தனையோ பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறாய். ஆகவே என் பதிலையும் நாலு பேர் படிக்கும்படி, அச்சில் வரக்கூடிய கடிதமாகவே எழுதுகிறேன். அச்சுக்கு அனுப்புவதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கதையை என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். போன வருடம் மழை முடிந்த சமயத்தில் நீ ஒரு படம் அனுப்பினாய். பெண்ணின் பெயர் ஸ்ரவந்தி, அப்பா அம்மா நெல்லூர்க்காரர்கள், இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அமெரிக்கா, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம் என்று எழுதியிருந்தாய். கீழே அவளுடைய எண்ணையும் கொடுத்து, நீயே அவளுக்கு ரெண்டு வரி எழுதும்மா என்று கேட்டிருந்தாய். நான் எழுதினேன். படம் பார்த்தேன், நீ மிகவும் ஹோம்லியாக இருக்கிறாய், வினோத் அதிர்ஷ்டக்காரன் என்று ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியம். மறுநாள் நீ கூப்பிட்டாய்.

"அம்மா, இன்னாமா எழுதின அவளுக்கு?"

"ஏன்?"

"ஹோம்லினு எழுதிக்கிற. பாத்ரூம்ல போயி கதவ மூடிக்கிட்டா. அரை மணி நேரமா வெளியவே வரல."

"நல்ல வார்த்தைதானே?"

"நம்ம ஊர்ல நல்ல வார்த்தைமா. இங்க அழகா இல்லாதவங்கள நாசூக்கா சொல்றதுக்குத்தான் அந்த வார்த்தை. மூஞ்சி சுமார்னு அர்த்தம்."

 நீயே எனக்கு வழி எடுத்துக் கொடுத்தாய். "நீ குடும்பப் பாங்கா கீறானுதான எழுதின?" என்றாய். ஆமாம் என்றேன். "இங்கத்த அர்த்தம் உனக்குத் தெரியாதுல்ல?" என்றாய். தெரியாது என்றேன். அந்தப் பக்கத்தில் நீ மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. ஸ்ரவந்தி நல்ல பெண், சிரிக்கத் தெரிந்தவள். என்னோடு முதல்முறை வீடியோவில் பேசியபோது அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். உங்கள் ஊரில் அதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாள். 'அடக்கமான' என்றேன். அங்கேயே போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, முதலில் அழகில்லை என்றீர்கள், இப்போது அடக்கமே பண்ணுகிறீர்களா? சவத்தைப் புதைப்பது என்று போட்டிருக்கிறதே" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் 'ஹோம்லி' என்ற சொல்லே உங்கள் வீட்டில் ஒரு விளையாட்டுப் பொருளாகிவிட்டது. அவள் தோழிகள் அந்தச் சொல்லை அச்சடித்த காப்பிக் கோப்பை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவள் அதில்தான் தினமும் குடிக்கிறாள். நிச்சயதார்த்தத்தில் நீ அந்தக் கதையைச் சொன்ன வீடியோவை எனக்கும் அனுப்பினாய். ஏரிக்கரையில் ஒரு வெள்ளந்தியான அம்மா, நல்ல மனசு, ஊர்ப்புறத்து இங்கிலீஷ், தெரியாமல் ஒரு சொல்லைப் போட்டுவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மாவை எனக்குமே பிடித்திருந்தது. ஆனால் அவள் நான் இல்லை.

எனக்குத் தெரியும், வினோத். அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்து, இருபது வருடத்துக்கு மேல் பள்ளியில் அதையே சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது தெரியாது என்று நீ எப்படி நம்பினாய் என்று ரொம்ப நாள் யோசித்தேன். நம்ப வேண்டியிருந்தது உனக்கு. இல்லையென்றால் ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான், நடுவில் நீ நிற்க வேண்டியிருந்திருக்கும். பொதுவாக யார் எதைச் சொன்னாலும் இவர் எதற்காக இதைச் சொல்கிறார் என்று யோசிக்கிறவள் நான். அந்த ஒரு வழக்கத்தை உனக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

நம் ஊரில் அந்தச் சொல் எங்கெல்லாம் திரிகிறது என்று உனக்கே தெரியும். பொன்னேரியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹோம்லி மெஸ் என்று ஒரு பலகை இருந்ததே, நீ பிளஸ் டூ படிக்கும்போது தோசை சாப்பிட்டுவிட்டு, வீட்டுத் தோசை மாதிரி இல்லவே இல்லை என்று புகார் சொன்ன இடம். விடுதி விளம்பரங்களில் வரும், சீரியல் நடிகையைப் பற்றிப் பேசும்போது வரும், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வாயில் கட்டாயம் வரும். வகுப்பில் வருடா வருடம் நான் ஒரு பாடம் நடத்துகிறேன். 'லி' என்று முடிந்தால் அது அட்வெர்ப் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அப்படியில்லாத சொற்களைப் பலகையில் எழுதுவேன். ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி, ஹோம்லி. இந்த வருடம் ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், நேத்து எங்க அக்காவ பாக்க வந்தவங்க, பொண்ணு ஹோம்லியா கீதுனு சொன்னாங்க. 'யா' போட்டாங்களே, அப்ப அது அட்வெர்ப்தான மிஸ்?" வகுப்பே சிரித்தது. தமிழுக்குள் வந்ததும் அதற்கு ஒரு வாலை ஒட்டிக்கொண்டோம் என்று சொல்லி உட்காரவைத்தேன். பக்கத்திலிருந்தவள் விடவில்லை. "அப்புறம் இன்னா ஆச்சுடி?" என்றாள். "பொண்ணு புடிக்கலன்னுட்டாங்க." அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

சொல்லின் வரலாறு சின்னதுதான். 'ஹோம்' என்றால் வீடு. 'லி' என்ற வால் பழைய ஆங்கிலத்தில் உடல், உருவம் என்று பொருள்பட்ட ஒரு சொல்லிலிருந்து தேய்ந்து வந்தது. சேர்த்துப் பார்த்தால் வீட்டின் உருவம் உடையது. பல நூறு வருடங்களுக்கு முன் அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தபோது வீட்டைச் சேர்ந்தது, பழகியது, நெருக்கமானது என்றுதான் பொருள். வீட்டில் இருப்பது போல என்றால் அலங்காரம் இல்லாதது. அலங்காரம் இல்லாதது என்றால் எளியது. எளியது என்றால் பார்க்கச் சாதாரணமானது. அங்கிருந்து அழகில்லாதது என்பதற்கு ஒரே ஓர் எட்டு, அதையும் சீக்கிரமே எடுத்து வைத்துவிட்டது. இங்கிலாந்துக்காரர்கள் இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் கதகதப்பான ஓர் அறையை நினைக்கிறார்கள். அமெரிக்காக்காரர்கள் ஒரு முகத்தை நினைக்கிறார்கள். நாம் ஒரு மருமகளை நினைக்கிறோம். நம் பொருளும் அமெரிக்கப் பொருளும் எதிரெதிரானவை என்று நீ அந்த வீடியோவில் சொன்னாய். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. எனக்கும் அந்தச் சொல்லுக்கும் பழைய பழக்கம்.

நான் எம்.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, என் அப்பா மாப்பிள்ளை தேடும்போது ஜாதகக் குறிப்போடு கொடுக்க, ஆங்கிலத்தில் ஒரு பயோடேட்டா தயார் செய்ய என்னைப் பொன்னேரிக்கு அழைத்துப் போனார். காட்டூரில் நெல் பயிரிடுகிற மனிதர், பெண்ணைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தவர், அந்தப் பெருமையில் அது ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று நின்றார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வாத்தியார். நான் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பொண்ணு கலரு?" என்றார் வாத்தியார்.

"மாநிறம்தாங்க."

"கோதுமை நிறம், வீட்டிஷ்னு போட்டுக்கறேன். அழகா இருப்பாங்கன்னு போடலாமா?"

அப்பா கொஞ்சம் தடுமாறினார். "தோ இருக்குதே, நீங்களே பாருங்க சார்" என்றார். வாத்தியார் கண்ணாடியை மேலே தள்ளி என்னைப் பார்த்தார். கெட்ட பார்வை இல்லை. மூட்டையிலிருந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பார்களே, அது போல.

"நேர்ல பாக்க வர்றப்ப பிரச்சினை வரக் கூடாது பாருங்க. ஹோம்லினு போட்டுடலாம். எல்லாத்துக்கும் சேரும்."

"அப்டினா இன்னா சார்?"

"வீட்டுக்கு அடக்கமான பொண்ணுன்னு."

"அதான் சார் கரெக்ட்டு" என்று அப்பா மகிழ்ந்துபோனார். அந்த வரி முடிந்ததும் மெஷினில் மணி டிங் என்று அடித்தது. அந்தச் சொல்லின் இன்னொரு பொருளைப் பல்கலைக்கழக நூலகத்தின் பெரிய அகராதியில் நான் ஏற்கெனவே படித்திருந்தேன். வாத்தியாருக்கு அது தெரிந்திருக்காது. ஆனாலும் அழகு என்று போட முடியாத இடத்தில்தான் அவர் கை அந்தச் சொல்லைத் தேடிப் போனது. இரண்டு பொருளும் ஒன்றையொன்று பார்க்காமலே கைகோத்துக்கொண்டு நிற்கின்றன என்று எனக்கு அன்று தோன்றியது. திரும்பும்போது பஸ்ஸில் அப்பா அந்தத் தாளைச் சுருட்டாமல், கசங்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். 

அந்தப் பயோடேட்டா யாரையும் கொண்டுவரவில்லை. நான் ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தேன். காலையில் ஆசிரியைகளைப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டு, பிறகு வலைக்குப் போகிறவர் உன் நைனா. "டீச்சர், புக்குலயே கண்ண வச்சிக்கினு வர்றீங்களே, தண்ணில வுழுந்தா புக்கு மெதக்கும், நீங்க மெதப்பீங்களா?" என்றுதான் முதலில் பேசினார். மற்றது உனக்குத் தெரிந்த கதை. பதிவு அலுவலகத்தில் கல்யாணம், காட்டூர் வீட்டுக் கதவு மூடியது, இன்றுவரை மூடியே இருப்பது. அந்தக் கதவைப் பற்றி உன்னிடம் எப்போதும் நல்லவிதமாகவே சொல்லிவந்தேன். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, மாமாவுக்கு வேலை அதிகம் என்று. நீ நம்பினாய். அதுவும் நான் செய்த தவறுதான். கேட்பவருக்கு வலிக்காதபடி பொய்யாக மாற்றிச் சொல்வதை நீ எங்கே கற்றாய் என்றால், இந்த வீட்டில்தான்.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து என் சான்றிதழ்க் கட்டில் அந்தப் பயோடேட்டா நைனா கையில் கிடைத்தது. அவருக்கு ஆங்கில எழுத்து தெரியும், சொல் தெரியாது. ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டார். ஹோம்லி வந்தது. வீட்டுக்கு ஏற்றவள் என்றேன். "ஊட்ல எங்க கீற நீ? ஸ்கூலு வுட்டா புக்கு, புக்கு வுட்டா ஏரிக்கர" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டு, "வேற அர்த்தம் இல்லியா?" என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "ஒரு மீனுக்கே குஞ்சுல ஒரு பேரு, பெருசானா ஒரு பேரு வைக்கிறோம். ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தமா இருக்கும்?" என்றார். சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். "கரெக்டாத்தான போட்டுக்கிறான். நீ இன்னா சினிமாக்காரியா? அதனாலதான பக்கத்துல ஒக்காந்து ஒன்னோட பேச முடியுது" என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் புரிந்தது, என் முகத்தைப் பற்றி யாரும் சுற்றி வளைக்காமல் என்னிடம் பேசியது அதுதான் முதல்முறை. அது வலிக்கவும் இல்லை. நான் கோபப்பட்டது வழக்கத்தினால்.

நைனா மஞ்சள் காமாலையில் போனபோது உனக்குப் பதினாறு. நம் ஊரில் கல்யாணமான ஆண் ஒருவன் இருந்தால்தான் அந்த வீடு ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு இருக்கிற வீட்டுக்குத்தான் ஏரியில் வலைபோட முறை வரும், ஊர்க் கூட்டத்தில் பெயர் வாசிப்பார்கள். நைனாவின் பெயரை எடுத்தபோது ஊர்ப் பெரியவர் வாசலில் நின்று, "தம்பிக்குக் கல்யாணம் ஆவட்டும் டீச்சரம்மா, திரும்ப எழுதிக்கலாம்" என்றார். நமக்கு வலை போடுகிற உத்தேசமே இல்லை. ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. கூட்டத்தில் நம் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டின் பெயரை வாசிக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும். நீ கல்லூரிக்குப் போனாய், பிறகு அமெரிக்கா போனாய். பள்ளி விடுமுறை நாட்களில் மத்தியானம்வரை என் குரலை நானே கேட்காமல் இருப்பேன். மீன் கொண்டுவருகிறவள் கூப்பிடும்போது பதில் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் படம் வந்த நாளை உனக்குப் புரியவைக்க வேண்டும், அதற்காக.

அந்தப் படத்துக்கு முந்தைய இரண்டு வருடமும் நீ இருக்கிற இடத்தை 'ரூம்' என்றுதான் சொல்லிவந்தாய். ரூமுக்குப் போறேன், ரூம்ல சமைச்சேன், ரூம்ல குளிர். கேட்கிறவள் நான், கவனிக்காமல் இருப்பேனா? ரூம் என்று நீ சொல்கிறவரை வீடு இங்கேதான் இருக்கிறது என்று வைத்திருந்தேன். அந்தப் படத்தின் கீழே நீ எழுதியிருந்தது ஒரே சொல். 'வீட்ல.' ஸ்ரவந்தி அடுப்புக்கு முன்னால் நின்று, தோளுக்கு மேல் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். காலில் பழைய செருப்பு, தலை வாரவில்லை. ஜன்னலோரத்தில், நான் நெத்திலிக் கருவாடு அடைத்துக் கொடுத்த கண்ணாடிப் பாட்டில். அதில் தண்ணீர் ஊற்றி ஏதோ ஒரு கொடியை வைத்திருந்தீர்கள், வேர் விட்டிருந்தது.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அப்போது இறால் கொடுக்க வந்தாள். "மருமவளா? காட்டு டீச்சரம்மா" என்று போனை வாங்கி, தூரத்தில் ஒருமுறை, கிட்டத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். "பல்லு கொஞ்சம் எடுப்பா கீது. அதுக்கின்னா, சிரிச்சா நல்லாத்தான் கீது" என்றாள். பிறகு, "அடுப்பாண்ட நிக்கறத பாரு. சொந்த ஊட்ல நிக்கிற மாரியே நிக்குது" என்றாள். வினோத், அந்த ஆங்கிலச் சொல் பிறந்தபோது இருந்த பொருளை, எழுத்துகூடத் தெரியாத கன்னியம்மா அப்படியே சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் கத்தி இல்லை. அவள் போன பிறகு நான் உட்கார்ந்து அந்த மூன்று வாக்கியத்தை எழுதினேன். முதலில் ஸ்வீட் என்று போட்டேன், அழித்தேன். நைஸ் என்று போட்டேன், அழித்தேன். பிறகு ஹோம்லி என்று போட்டேன். அழிக்கவில்லை. இங்கே யாராவது கேட்டால் பாராட்டு, அங்கே அவளுக்குப் போய்ச் சேரும்போது வேறு. இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்திருந்தது. பொன்னேரியில் அந்த வாத்தியார் தெரியாமல் என் மேல் வைத்த சொல்லை நான் தெரிந்தே அவள் மேல் வைத்தேன்.

அவள் அழகில்லை என்று நான் நினைக்கவில்லை. அந்த வயதில் என் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. பெரிய நெற்றி, எடுப்பான பல். அந்த முகம் உள்ள ஒருத்தி அந்த அடுப்புக்கு முன்னால் அத்தனை நிம்மதியாக நிற்கிறாள், அது என் மகனுடைய வீடு, அதில் என்னுடையது ஒரு காலிப் பாட்டில் மட்டும். எரிச்சல் அதுதான். இதற்கு மேல் நியாயமான காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

போன வாரம் ஊர்ப் பெரியவர் மறுபடியும் வந்தார். "மருமவ வரப்போவுது. தம்பி பேர எழுதிடலாமா டீச்சரம்மா?" என்றார். வேண்டாம், அவன் வீடு அங்கே இருக்கிறது என்றேன். அவர் நம் வீட்டை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இது இன்னா?" என்றார். "இதுவும் வீடுதாங்க. நான் கீறன்ல? என் பேர எழுதிக்குங்க" என்றேன். அவர் பாணியில் சொன்னதால் நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கூட்டத்துல கேட்டுச் சொல்றேன்" என்று போய்விட்டார். கேட்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். உன் பெயர் வேண்டாம் என்று சொன்னது எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவ்வளவு இல்லை. அவன் வீடு அங்கே இருக்கிறது என்ற அந்த வாக்கியத்தை ஒரு வருடம் முன்பே நான் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா சொல்ல வேண்டிய புத்தி என்று ஏதாவது உண்டென்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவளுக்கும் எனக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்காதே. நான் சொன்னதை அவளுக்கு நல்லதாக்கி, அவள் சொன்னதை எனக்கு நல்லதாக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தால், கடைசியில் நீ ஏற்பாடு செய்த இரண்டு பொம்மைகள்தான் ஒன்றோடொன்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும். காட்டூருக்கும் உனக்கும் நடுவில் நான் அப்படித்தான் நின்றேன். உனக்கு ஒரு தாத்தா இருந்தார், நீ ஒருநாளும் அவரோடு சண்டை போடவில்லை, அவரைத் தெரிந்துகொள்ளவும் இல்லை. அவள் ஏதாவது ஒரு சொல்லைச் சொன்னால், உன் நைனா கேட்டதுபோல, வேற அர்த்தம் இல்லியா என்று கேள். என்னிடமும் கேள். அன்று தொலைபேசியில் நீ அதைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் பொய் சொல்வது எனக்கு இன்னும் கொஞ்சம் கடினமாகியிருக்கும்.

இனி நிபந்தனை. ஸ்ரவந்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தை நீதான் அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'எனக்குத் தெரியும்' என்று நான் எழுதியிருக்கிற இடம் வரும்போது உன் குரல் இறங்கும். அம்மா அந்தக் காலத்தில் தனியாக இருந்தாள் தெரியுமா என்று ஆரம்பிப்பாய். ஆரம்பிக்காதே. தெரியும் என்று எழுதியிருக்கிறது, தெரியும் என்றே சொல். அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டால், வெளியே நின்று எனக்காகப் பேசாதே. அந்தக் கோப்பையை அவள் தூக்கி எறிந்தால் எறியட்டும். விருந்தில் அந்தக் கதை வேண்டாம் என்றால் நான் கன்னியம்மாவோடு பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகும் அந்த மைக்கை என்னிடம் நீட்ட அவளுக்கு மனம் இருந்தால், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் சொல்வது இந்தக் கதையைத்தான், கைதட்டு வாங்கிய கதையை இல்லை.

அச்சுக்கு அனுப்புவதை நானும் முடிவு செய்யப் போவதில்லை, நீயும் முடிவு செய்ய வேண்டாம். முழுதாகக் கேட்ட பிறகு அவள் சொல்லட்டும். வேண்டாம் என்றால் இது உங்கள் இருவரோடும் நின்றுவிடும், நானும் மறுபடி கேட்க மாட்டேன். ஆகவே இதை உங்கள் இருவரைத் தவிர வேறு யாராவது இப்போது படித்துக்கொண்டிருந்தால், ஸ்ரவந்தி சரி என்று சொல்லியிருக்கிறாள்.

அம்மா